மனைவி 5 மாத கர்ப்பிணி, தினமும் குடிக்கிறாள். சிங்கப்பூரில் அரசாங்க உதவியோடு சிகிச்சை கிடைக்குமா? போலீசுக்குத் தெரிந்துவிடுமா?

கிடைக்கும். மது மட்டும்தான் என்றால் போலீஸ் பயமே வேண்டாம். ஆனால் "இன்றே நிறுத்து" என்று மனைவியிடம் சத்தியம் மட்டும் வாங்கிவிடாதீர்கள்.

நாங்கள் வாங்கினோம். என் தங்கைக்கு அப்போது நாலு மாதம். செராங்கூன் ரோடு காளியம்மன் கோயிலில் அம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "இனிமே தொடமாட்டேன்னு சொல்லு" என்றார். சொன்னாள். அன்றிரவு தொடவும் இல்லை. மறுநாள் காலை நான் கொடுத்த டீயை வாங்கினாள். கோப்பை தட்டில் கடகடவென்று அடித்துக்கொண்டது. நைட்டி வியர்வையில் முதுகோடு ஒட்டிக் கிடந்தது. மசக்கை என்று நினைத்து அம்மா எலுமிச்சம்பழம் வெட்டிக் கொடுத்தார். மத்தியானம் வலிப்பு வந்துவிட்டது. ஆம்புலன்ஸுக்கு, 995-க்கு அடித்தோம்.

தினமும் நிறையக் குடித்துப் பழகிய உடம்பில் திடீரென்று மது நின்றால், ஓரிரு நாளில் வலிப்பு வரை போகும் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டோம். வார்டில் வைத்து, மருந்து கொடுத்துக் கவனமாக நிறுத்தினார்கள். டாக்டர் வரும்போதெல்லாம் "கையை நீட்டுங்க" என்பார். நடுக்கம் எவ்வளவு என்று பார்த்துதான் மருந்து.

இதில் எனக்கு இன்னும் ஆறாத ஒன்று உண்டு. முதல் மாதப் பரிசோதனையிலேயே "குடிப்பீங்களா?" என்று கேட்டார்களாம். பக்கத்தில் மாமியார். அவர் முன்னால் எந்த மருமகள் ஆமாம் என்பாள்? இல்லை என்று தலையை ஆட்டிவிட்டு வந்துவிட்டாள். நீங்களும் அறைக்கு வெளியே நின்று, மனைவியைத் தனியாகப் பேச விடுங்கள்.

போக வேண்டிய இடம், புவாங்கோக்கில் மனநலக் கழகத்துக்குள் (IMH) இருக்கும் 'நேம்ஸ்' (NAMS) என்ற போதைப்பழக்கச் சிகிச்சைக்கான தேசியச் சேவை. அம்மா வயதுக்காரர்கள் அந்தக் கழகத்தை இன்னும் பழைய பெயரில் 'உட்பிரிட்ஜ்' என்பார்கள்; அந்தப் பெயருக்குப் பயந்தே எத்தனை பெண்கள் போகாமல் இருக்கிறார்களோ! அங்கே வார்டும் உண்டு, வெளிநோயாளர் கிளினிக்கும் ஆலோசகர்களும் உண்டு. முதலில் 6732 6837 எண்ணுக்குப் பேசுங்கள். குடிமக்களும் நிரந்தரவாசிகளான பிஆர்களும் பாலிகிளினிக் கடிதத்தோடு போனால் மானியக் கட்டணம். அதுவும் முடியாத குடிமக்களுக்கு மெடிஃபண்ட் என்ற அரசாங்க உதவி நிதி இருக்கிறது. மருத்துவச் சமூகப் பணியாளரைக் கேளுங்கள். மனைவி விசிட் பாஸில் இருந்தால் மானியத்தை நம்பிப் போகாதீர்கள், கட்டணத்தை முன்கூட்டியே விசாரியுங்கள்.

ஹெராயின், ஐஸ் போன்ற போதைப்பொருள் என்றால் கதை வேறு. சந்தேகப்படும் டாக்டர் 7 நாளுக்குள் அதிகாரிகளுக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது இங்கே சட்டம். அதற்குப் பயந்து மனைவியைச் சிகிச்சைக்கு அனுப்பாமல் வீட்டிலேயே வைத்திருக்காதீர்கள். கர்ப்பிணி ஹெராயினைத் திடீரென நிறுத்துவது பிள்ளைக்கே ஆபத்து.

தங்கை மகள் இப்போது பாலர் பள்ளியில் கே1 போகிறாள். பிள்ளை பிறந்த மூன்றாம் மாதம், தூக்கமில்லாமல் தவித்தபோது தங்கை ஒருமுறை குடித்துவிட்டாள். அன்று பால் கொடுக்காமல், மறுநாளே ஆலோசகரைப் போய்ப் பார்த்தாள். இந்த முறை வீட்டில் யாரும் சத்தியம் கேட்கவில்லை.

தினமும் எவ்வளவு, கடைசியாக எப்போது என்று மனைவியிடம் கேட்டு எழுதிக்கொண்டு போங்கள். டாக்டர் முதலில் கேட்பது அதைத்தான்.