சிங்கப்பூரின் தேசிய மலருக்குப் பெயர் ஏன் மாறியது?

1981-ல் தேசிய மலரான ஆர்க்கிட்டை 'வாண்டா மிஸ் ஜோக்கிம்' என்றுதான் பலரும் படித்திருப்போம். இப்போது 'பப்பிலியோனாந்தே மிஸ் ஜோக்கிம்' என்று எழுதுகிறார்கள்.

அறிவியல் பெயரின் முதல் சொல் பேரினத்தைக் குறிக்கும். நெருங்கிய உறவுள்ள செடிகளுக்குப் பொதுவான வீட்டுப்பெயர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பெரும்பாலான வாண்டாக்களின் இலை வார் போலப் பட்டையாக இருக்கும். மிஸ் ஜோக்கிமின் இலையைத் தொட்டுப் பாருங்கள். பென்சில் போல உருண்டையாக, விரலுக்கு நடுவே உருளும். இது ஒரு கலப்பினம்; அதன் பெற்றோரான ஹூக்கரியானா, டெரெஸ் என்ற இரண்டு ஆர்க்கிட்டுகளுக்கும் அதே இலைதான். ஆனால் இலையை மட்டும் வைத்துப் பிரிக்க முடியாது, லூயிசியா என்ற வேறு ஆர்க்கிட் பேரினத்துக்கும் உருண்டை இலை உண்டு. பூவின் உதடு போன்ற இதழ் அடியில் எப்படிப் பொருந்தியிருக்கிறது என்பதையும் பார்த்துத்தான் 1915-ல் ஜெர்மானியத் தாவரவியலாளர் ருடால்ஃப் ஷ்லெக்டர் 'பப்பிலியோனாந்தே' என்ற சிறிய பேரினத்தை உருவாக்கினார். வண்ணத்துப்பூச்சிப் பூ என்று பொருள், எவ்வளவு பொருத்தம்! பின்னால் வந்த மரபணு ஆய்வுகளும் இது தனிக் கிளை என்றே காட்டின. ஆனாலும் தோட்டக்காரர்களிடமும் மற்றவர்களிடமும் பழைய பெயரே நீண்ட காலம் நிலைத்துவிட்டது.

கூட்டுக் குடும்ப ரேஷன் கார்டிலிருந்து பெயரை எடுத்துத் தனிக் கார்டு வாங்குவது மாதிரிதான் இது. கார்டு வேறு, ஆள் அதே ஆள்.

பெயர் மாறியதால் பூவையே மாற்றிவிட்டார்கள் என்று சிலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை, 1893-ல் சிங்கப்பூரில் தோட்டம் வளர்த்த ஆக்னஸ் ஜோக்கிம் என்ற பெண்மணி மூலம் தெரியவந்த அதே கலப்பினம்தான் இன்றும் தேசிய மலர்.