காவடி எடுத்தால் கணக்கு தீருமா?

கேள்வி: குடித்துவிட்டு வந்து ஒன்பது வருடமாக அடித்த கணவர் மீது போலீஸ் ரிப்போர்ட் செய்து, பாதுகாப்பு ஆணையும் வாங்கி, பிள்ளைகளோடு அம்மா வீட்டில் இருக்கிறேன். அவர் இப்போது தைப்பூசத்துக்குப் பினாங்குத் தண்ணீர்மலை முருகன் கோயிலில் காவடி எடுக்க விரதம் இருக்கிறாராம். “முருகன் முன்னாலேயே திருந்திட்டான், ரிப்போர்ட்ட மீட்டுக்கிட்டு வீட்டுக்குப் போம்மா. பொம்பள பூமாதேவி மாதிரி பொறுத்துப் போகணும்” என்கிறார்கள் கோயில் பெரியவர்கள். மன்னிக்காவிட்டால் பாவமா?
(வாசகி, பட்டர்வொர்த்)

பதில்: பாவமே இல்லை, சகோதரி. காவடி அவருக்கும் முருகனுக்கும் உள்ள நேர்த்திக்கடன். அதை உங்கள் கணக்கில் வரவு வைக்க யாருக்கும் உரிமை கிடையாது.

மன்னிப்பது உங்கள் மனசு. இன்றைக்கு வரலாம், பத்து வருடம் கழித்து வரலாம், வராமலும் போகலாம். அவரோடு ஒரே வீட்டில் மறுபடி வாழ்வது பாதுகாப்பு சம்பந்தப்பட்டது. பெரியவர்கள் இரண்டையும் சேர்த்து முடிச்சுப் போடுகிறார்கள். நீங்கள் பிரித்தே யோசியுங்கள்.

முதலில் கையிலிருக்கும் ஆணையை எடுத்துப் படியுங்கள். அது ஐ.பி.ஓ. எனப்படும் இடைக்கால ஆணையாக இருந்தால், மலேசியாவின் 1994ஆம் ஆண்டு குடும்ப வன்முறைச் சட்டப்படி போலீஸ் விசாரணை நடக்கும்வரைதான் செல்லும். நீங்கள் “வழக்கு வேண்டாம்” என்று எழுதிக்கொடுத்து, போலீசும் மேல் நடவடிக்கை இல்லையென்று கோப்பை மூடினால், ஆணையும் அத்தோடு போயிற்று. குற்றம் சாட்டப்பட்ட பிறகு நீதிமன்றம் தருவது பி.ஓ. எனப்படும் முழுப் பாதுகாப்பு ஆணை. அது அதிகபட்சம் 12 மாதம். இன்னொரு 12 மாதம் நீட்டிக்கலாம். சமாதானம் பேச வருகிறவர்களில் பலருக்கு இது தெரியாது. நல்லெண்ணத்தோடு வந்தே உங்கள் கதவின் தாழ்ப்பாளைக் கழற்றிவிடுகிறார்கள்.

மண்டபத்தில் உட்கார வைத்து “இனி அடிக்க மாட்டேன்” என்று எழுதி வாங்குவதும் வேண்டாம். அந்தத் தாள் நீதிமன்ற ஆணை ஆகாது. அதில் “இருவர் மீதும் தவறு” என்று ஒரு வரி நுழைந்துவிட்டால், நாளைக்குப் பிள்ளைகளின் பராமரிப்பு வழக்கில் உங்களுக்கு எதிராகவே அதை நீட்டுவார்கள். கையெழுத்துப் போடாதீர்கள்.

அவர் உண்மையிலேயே திருந்தியிருந்தால், நீங்கள் திரும்பிப் போகாமலே அது தெரியும். அதே பெரியவர்கள் முன்னால், “நீயும்தானே வாயாடினாய்” என்ற ஒட்டு இல்லாமல், என்ன செய்தேன் என்று சொல்லட்டும். பிள்ளைகளின் செலவுக்கு மாதாமாதம் பணம் போடட்டும். அவரிடம் மாட்டிக்கொண்டிருக்கும் நகை, பிறப்புப் பத்திரம், பேங்க் கார்டு எல்லாவற்றையும் உங்கள் வீட்டார் மூலம் திருப்பித் தரட்டும். குடிக்குச் சிகிச்சை எடுக்கட்டும். விரத நாட்களில் குடிக்காமல் இருப்பது சிகிச்சை ஆகாது. மாலையைக் கழற்றிய வாரமே பாட்டில் திறக்கும் வீடுகள் நம் ஊரில் எத்தனை! என் கணிப்பில் ஆறு மாதமாவது பார்க்க வேண்டும். அவசரப்படுத்துகிறார் என்றால், அதுவே ஒரு பதில்.

பெரியவர்களுக்கும் சொல்கிறேன்: சேர்த்து வைத்த அன்றோடு உங்கள் வேலை முடிந்துவிடுகிறது. நடுராத்திரியில் அந்தப் பெண் பிள்ளைகளோடு எந்த வீட்டுக் கதவைத் தட்டலாம் என்பதையும் சொல்லிவிட்டு அழையுங்கள்.

பிரிவதென்று முடிவெடுத்தால், 1976ஆம் ஆண்டுத் திருமணச் சட்டத்தின் 106ஆம் பிரிவுப்படி, ஒருதலை மணவிலக்கு மனுவுக்கு முன் பொதுவாகச் சமரசக் குழுவுக்குப் போக வேண்டும். தேசியப் பதிவுத் துறை, அதாவது ஜே.பி.என்., இதை நடத்துகிறது. குழுவுக்கு ஆறு மாத அவகாசம் உண்டு. வக்கீல் ஆஜராக முடியாது. குடும்பத்தில் ஒருவர் உங்கள் சார்பில் வரலாம். ஆணையின் நகலைக் கொடுத்து, தனியாக விசாரிக்கும்படி கேளுங்கள்.

இதற்கிடையில் அவர் வீட்டு வாசலில் வந்து நின்றால் 999க்கு அழையுங்கள். தாலியான் காசே (Talian Kasih) என்ற அரசு உதவித் தொலைபேசியின் 15999 எண்ணில் 24 மணி நேரமும் ஆள் இருக்கிறார்கள். சமூக நலத்துறை தரும் ஏழு நாள் அவசர ஆணைக்குப் போலீஸ் ரிப்போர்ட்கூடத் தேவையில்லை. காயம் பட்டிருந்தால் அரசு மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போய், அடித்தது யார் என்பதையும் டாக்டரிடம் சொல்லிப் பதிவு செய்ய வையுங்கள். “வழுக்கி விழுந்துட்டேன்” என்று மட்டும் சொல்லாதீர்கள்.