ஆள் வராத காலைக்கும் ஒரு திட்டம்: வீட்டுப் பராமரிப்பு நிறுவனம் தொடங்குவோருக்குக் கேள்வி பதில்

பாளையங்கோட்டையில், முதியவர்களையும் படுக்கையில் இருக்கும் நோயாளிகளையும் அவரவர் வீட்டிலேயே பார்த்துக்கொள்ள ஆள் அனுப்பும் நிறுவனம் ஒன்றை ஒன்பது ஆண்டுகளாக நடத்தி வருகிறேன். அதற்கு முன் செவிலியராகப் பணிபுரிந்தேன். இதே தொழிலைத் தொடங்க எண்ணித் திட்ட அறிக்கை எழுதிக்கொண்டிருப்பவர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். சம்பளம், வாடகை, கட்டணம் என்று நான் குறிப்பிடும் தொகைகள் கணக்கைப் புரியவைப்பதற்காக மட்டுமே. உங்கள் ஊர் நிலவரத்தை நீங்களே விசாரித்துப் போட்டுக்கொள்ள வேண்டும்.

கேள்வி (வள்ளியூர்): அக்கா, திட்ட அறிக்கையை எங்கிருந்து தொடங்குவது? எனக்குக் கிடைத்த மாதிரியில் முதல் பக்கமே ‘தொலைநோக்கு’, ‘குறிக்கோள்’ என்று இருக்கிறது.

பதில்: தம்பி, அந்தப் பக்கத்தைக் கடைசியில் எழுதிக்கொள்ளலாம். முதலில் வெறுந்தாளில் ஒரே ஒரு கேள்விக்கு விடை எழுதிப் பாருங்கள். காலை ஏழு மணிக்கு ஒரு வீட்டில் இருக்க வேண்டிய பெண், ‘பிள்ளைக்குக் காய்ச்சல், இன்றைக்கு வர முடியாது’ என்று ஐந்தேகாலுக்குத் தொலைபேசியில் சொல்கிறார். அந்த வீட்டிலோ எழுந்து உட்கார முடியாத எண்பது வயது ஆச்சி, இரவு முழுதும் மாற்றாத டயப்பருடன் படுத்திருக்கிறார். ஏழு மணிக்கு அந்த வாசலில் யார் போய் நிற்பார்? அவருக்கு அன்றைய கூலியை எந்தக் கணக்கிலிருந்து கொடுப்பீர்கள்? எந்தப் பேருந்தில் போவார்? இதற்கு விடை எழுத முடிந்தால் உங்கள் ஆட்கணக்கு, பணக்கணக்கு, எல்லைக்கணக்கு மூன்றும் தாமாகவே அதிலிருந்து கிளைத்துவிடும். விடை இல்லையென்றால் நாற்பது பக்கம் எழுதினாலும் அது மளிகைக்கடைத் திட்டத்தைப் பெயர் மாற்றி எழுதியது போலத்தான்.

எல்லை என்று ஏன் சொல்கிறேன் என்றால், வள்ளியூரில் அலுவலகம் வைத்துக்கொண்டு அம்பாசமுத்திரம் வீட்டுக்கும் ஆள் அனுப்புகிறேன் என்று ஒப்புக்கொள்பவர், மாற்று ஆளைக் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்குள் மதியம் ஆகிவிடும். முதலாண்டில் பேருந்தில் முக்கால் மணி நேரத்துக்குள் போய்ச் சேரக்கூடிய வட்டத்தை வரைந்து, அதற்கு வெளியே வரும் அழைப்பைப் பணிவாக மறுத்துவிடுங்கள்.

கேள்வி (தென்காசி): சந்தை ஆய்வு என்ற பகுதியில் எதை எழுத வேண்டும்? வங்கி மேலாளர் புள்ளிவிவரம் கேட்கிறார்.

பதில்: 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி நாட்டில் அறுபது வயதைக் கடந்தவர்கள் 8.6 விழுக்காடு, தமிழ்நாட்டில் 10.4 விழுக்காடு. இந்த ஒரு வரி போதும். இதற்கு மேல் நாடு தழுவிய எண்களை அடுக்குவதால் உங்கள் தெருவில் யாருக்கு ஆள் தேவை என்பது தெரியப்போவதில்லை. அதற்கு நடந்துதான் பார்க்க வேண்டும். நான் பெருமாள்புரம், மகாராஜநகர், தியாகராஜநகர்ப் பகுதிகளில் உள்ள மருந்துக்கடைகளில் ஒரு கேள்வியை மட்டும் கேட்டேன்: ‘பெரியவர்களுக்கான டயப்பர் மாதம் எத்தனை கட்டு விற்கிறது, அதில் வழக்கமாக வாங்குகிறவர்கள் எத்தனை பேர்?’ கடைக்காரர் விரல்விட்டு எண்ணிச் சொன்ன அந்த எண்தான் என் திட்டத்தின் சந்தை ஆய்வு. அதோடு, வீட்டுக்குப் போய்ப் பயிற்சி கொடுக்கும் இயன்முறை மருத்துவர்களையும், இடுப்பெலும்பு முறிவும் பக்கவாதமும் பார்க்கும் மருத்துவமனைகளில் நோயாளியை வீட்டுக்கு அனுப்பும் பிரிவில் இருப்பவர்களையும் கேளுங்கள். பிள்ளைகள் சென்னையிலோ பெங்களூரிலோ வளைகுடாவிலோ இருக்க, பெற்றோர் மட்டும் இருக்கும் வீடுகள் எவை என்பது அந்தந்தத் தெருவின் பால்காரருக்கு நன்றாகத் தெரியும்.

கேள்வி (சேரன்மகாதேவி): பத்துப் பணிப்பெண்களோடு தொடங்கினால் மாதம் எவ்வளவு மிஞ்சும் என்று கணக்கிட்டுக் காட்ட முடியுமா?

பதில்: நான் முதலாண்டில் செய்த தவறையே கணக்காகக் காட்டுகிறேன். பத்துப் பேர், முப்பது நாள், ஆகமொத்தம் முந்நூறு நாள் என்று எழுதினேன். குடும்பத்திடம் நாளுக்கு 800 ரூபாய் வாங்கி, பணிப்பெண்ணுக்கு 600 கொடுத்தால் 200 மிச்சம். முந்நூறு நாளுக்கு 60,000 ரூபாய் என்று மகிழ்ந்துபோனேன். ஆனால் நோயாளி தேறிவிடுவார், அல்லது காலமாகிவிடுவார், அல்லது மகள் வந்து அழைத்துக்கொண்டு போய்விடுவார். அந்தப் பெண்ணுக்கு அடுத்த வீடு கிடைக்கும் வரை நாள்கள் வெறுமனே கழியும். உண்மையில் ஒருவருக்கு மாதம் 22 நாள்தான் வேலை அமைந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். 220 நாளுக்கு மிச்சம் 44,000 ரூபாய்.

அலுவலக வாடகை 8,000, மேற்பார்வை செய்யும் செவிலியருக்கு 16,000, தொலைபேசி எடுத்துப் பதிவு செய்பவருக்கு 11,000, தொலைபேசி, இணையம் 2,000, பெட்ரோல் 4,000. இவை 41,000 ஆகின்றன. மிச்சம் 3,000 என்று தோன்றும். ஆனால் ஊழியர் பத்துப் பேரை எட்டிவிட்டால் இ.எஸ்.ஐ. எனப்படும் தொழிலாளர் அரசுக் காப்பீடு பொருந்தும்; மாதம் 21,000 ரூபாய் வரை ஊதியம் பெறுபவர்களுக்கு, ஊதியத்தில் 3.25 விழுக்காட்டை நிறுவனமும் 0.75 விழுக்காட்டை ஊழியரும் கட்ட வேண்டும். பணிப்பெண்கள் ஊதியம் 1,32,000, அலுவலக ஊதியம் 27,000, கூட்டினால் 1,59,000. நிறுவனத்தின் பங்கு ஏறக்குறைய 5,168 ரூபாய். இப்போது மாதம் 2,168 ரூபாய் நட்டம், அதுவும் உங்கள் உழைப்புக்கு ஒரு பைசாகூட எடுத்துக்கொள்ளாமல். இதே கணக்கில் ஒருவருக்கு 22 நாளுக்குப் பதில் 25 நாள் வேலை அமைந்தால், 50,000-இல் செலவும் இ.எஸ்.ஐ.யும் போக 3,247 ரூபாய் மிஞ்சும். ஆளுக்கு மூன்றே நாள்தான் வித்தியாசம். ஆகவே அறிக்கையில் ‘எத்தனை நோயாளிகள்’ என்ற கட்டத்தை அடித்துவிட்டு ‘எத்தனை நாள் வேலை’ என்று எழுதுங்கள். இருபது பேரை எட்டும்போது வருங்கால வைப்பு நிதியும் வரும் என்பதால், பத்தொன்பதிலிருந்து இருபதுக்குப் போகும் மாதத்தைத் தனியாகக் கணக்கிட்டுப் பாருங்கள்.

நடைமுறை மூலதனத்தைப் பற்றி ஒரு சொல். குடும்பங்கள் மாதக் கடைசியில்தான் பணம் தருவார்கள், வெளிநாட்டில் இருக்கும் மகன் என்றால் இன்னும் ஒரு வாரம் கழியும். பணிப்பெண்ணுக்கோ வாரச் சீட்டும் குழு வட்டியும் காத்திருக்காது. இரண்டு மாத ஊதியம் கையில் இல்லாமல் கதவைத் திறக்காதீர்கள்.

கேள்வி (மேலப்பாளையம்): ஆளை அறிமுகப்படுத்திவிட்டுக் கமிஷன் மட்டும் வாங்கிக்கொண்டால் இந்தத் தொல்லையெல்லாம் இல்லையே? ஜி.எஸ்.டி. எப்படி வரும்?

பதில்: அப்படியும் நடத்தலாம், நடத்துகிறார்கள். அதில் குடும்பமே பணிப்பெண்ணுக்குச் சம்பளம் தரும். உங்கள் வருமானம் கமிஷன் மட்டும். ஆனால் இரண்டாவது மாதம் அந்தக் குடும்பமும் அந்தப் பெண்ணும் தங்களுக்குள் பேசிக்கொண்டு உங்களை விட்டுவிடுவார்கள்; அதைக் குறைசொல்லவும் முடியாது, ஏனென்றால் அறிமுகத்துக்குப் பிறகு நீங்கள் எதையும் செய்யவில்லை. மாற்று ஆளும் மேற்பார்வையும் தருகிறவருக்குத்தான் மாதந்தோறும் பணம் கேட்கும் உரிமை உண்டு.

ஜி.எஸ்.டி.யில் கவனிக்க வேண்டியது ஒன்று. சேவைத் தொழிலுக்குப் பதிவு வரம்பு ஆண்டுக்கு 20 லட்சம் ரூபாய். அது நீங்கள் எழுதும் பில்லின் முழுத்தொகைக்கு, மிச்சத்துக்கு அல்ல. முன் சொன்ன கணக்கில் 220 நாள் 800 ரூபாய் வீதம் மாதம் 1,76,000, ஆண்டுக்கு 21,12,000. நட்டத்தில் ஓடும்போதே வரம்பைத் தாண்டிவிட்டீர்கள். மருத்துவச் சேவைக்கு வரிவிலக்கு உண்டு, ஆள் அனுப்பும் சேவைக்கு 18 விழுக்காடு வரி உண்டு. செவிலியர் பணியும் சமையலுக்கு உதவும் பணியும் ஒரே பில்லில் கலந்திருந்தால் எது எந்தப் பக்கம் சேரும் என்பது வழக்குக்கு இடமாகும். தணிக்கையாளரிடம் எழுத்தில் கருத்து வாங்கி அறிக்கையோடு இணையுங்கள்.

கேள்வி (முக்கூடல்): எங்கள் பகுதியில் பீடி சுற்றும் பெண்கள் பலர் இந்த வேலைக்கு வர விரும்புகிறார்கள். அவர்களை எடுக்கலாமா?

பதில்: தாராளமாக எடுக்கலாம், தங்கையே. என்னிடம் உள்ளவர்களில் மிகப் பொறுமையானவர்கள் அவர்கள்தாம். ஆனால் வீட்டு வாசலில் உட்கார்ந்து தன் நேரத்தில் சுற்றியவருக்கு, பிறர் வீட்டில் இருபத்துநான்கு மணி நேரம் தங்குவது முதலில் மூச்சுமுட்டும். பகல் பன்னிரண்டு மணி நேரப் பணியில் தொடங்குங்கள். பீடிக் கம்பெனியில் பி.எஃப். பிடித்தம் பார்த்துப் பழகியவர்கள், உங்களிடமும் அதைக் கேட்பார்கள்.

திட்டத்தில் நாள்காட்டி ஒன்றையும் இணையுங்கள். அவரவர் ஊர் அம்மன் கோவில் கொடை விழா, காரையாறு சொரிமுத்தையனார் கோவிலின் ஆடி அமாவாசை, பொங்கல், கிறிஸ்துமஸ், ரம்ஜான், கார், பிசானம் என்ற இரு நெற்பருவங்களும் நடவுக்கு வரும் நாள்கள். இவற்றில் எந்தச் சம்பளம் கொடுத்தாலும் ஆள் நிற்காது, நிற்கச் சொல்வதும் முறையன்று. ஒரே ஊரிலிருந்து ஐந்து பேரை எடுத்தால் கொடை வாரத்தில் ஐந்து வீடும் ஒன்றாகக் காலியாகும். நான் ஒரு முறை அப்படி மாட்டிக்கொண்டு, நானே இரண்டு வீட்டுக்கு மாறிமாறிப் போய்க் குளிப்பாட்டிவிட்டு வந்தேன். அதன் பிறகு ஓர் ஊருக்கு இருவர், அதுவும் வெவ்வேறு கோவிலுக்கு வரி கொடுப்பவர்கள் என்று வைத்துக்கொண்டேன்.

பயிற்சிக்கு இரண்டு வாரமாவது செலவு போடுங்கள். படுத்தவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டுவது, குதிகாலும் வால் எலும்பும் சிவந்திருக்கிறதா என்று தினமும் பார்ப்பது, உணவூட்டும்போது தலையை உயர்த்தி வைப்பது, சிறுநீர்ப் பையை இடுப்புக்குக் கீழே தொங்கவிடுவது. இவற்றையெல்லாம் நாற்பது பக்க நோட்டு ஒன்றில் மணி போட்டு எழுதவைக்கிறோம்: ‘6.10 இடப்பக்கம் திருப்பியது, 6.40 கஞ்சி ஒரு டம்ளர், 7.00 பை 350 மில்லி’. மாற்று ஆள் வந்ததும் முதலில் படிப்பது அந்த நோட்டைத்தான். எழுதப் படிக்கத் தெரியாதவருக்குப் படம் போட்ட அட்டை உண்டு. ஊசி போடுவதும் குழாய் மாற்றுவதும் தமிழ்நாடு செவிலியர் கவுன்சிலில் பதிவு பெற்ற ஏ.என்.எம்., ஜி.என்.எம். செவிலியர் வேலை, பணிப்பெண் தொடக்கூடாது என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள்.

கேள்வி (அம்பாசமுத்திரம்): எங்கெங்கே பதிவு செய்ய வேண்டும்?

பதில்: சிறு, குறு தொழில்களுக்கான உத்யம் பதிவு கட்டணமில்லாதது, இடைத்தரகருக்குப் பணம் தர வேண்டாம். செவிலியர் சேவையும் தருவதாக இருந்தால், 1997-ஆம் ஆண்டு தமிழ்நாடு மருத்துவ நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டம் உங்களுக்கு எந்த அளவில் பொருந்தும் என்று நலப்பணிகள் இணை இயக்குநர் அலுவலகத்திலும், முதியோர் சேவை குறித்து மாவட்டச் சமூகநல அலுவலகத்திலும் எழுத்துமூலம் கேட்டு, பதிலைக் கோப்பில் வையுங்கள். பத்துப் பேர் ஆனதும் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டத்தின்படி உள்ளகக் குழு அமைக்க வேண்டும். 2013-ஆம் ஆண்டின் அந்தச் சட்டம் வீட்டையும் பணியிடமாகவே கருதுகிறது. நம் பெண்கள் தனியாகப் பிறர் வீட்டில் இரவு தங்குகிறவர்கள் என்பதை மறக்கக் கூடாது.

கேள்வி (நாங்குநேரி): மானியக் கடன் கிடைக்குமா?

பதில்: சிறுதொழிலுக்கான முத்ரா கடன் திட்டத்தில் மூன்று பிரிவுகள்: சிசு 50,000 வரை, கிஷோர் 5 லட்சம் வரை, தருண் 10 லட்சம் வரை, பிணை கேட்பதில்லை. பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டத்தில் சேவைத் தொழிலுக்கு 20 லட்சம் வரை திட்ட மதிப்பு உண்டு; பொதுப்பிரிவினருக்கு நகரத்தில் 15, கிராமத்தில் 25 விழுக்காடு மானியம், பெண்கள் உள்ளிட்ட சிறப்புப் பிரிவினருக்கு 25, 35. இப்போது விண்ணப்பம் வாங்குகிறார்களா என்பதை மாவட்டத் தொழில் மையத்தில் கேளுங்கள். நம் தொழிலுக்கு இயந்திரம் குறைவு, சம்பளமே செலவு. மானியத்துக்காகத் தேவையில்லாத கட்டில்களையும் ஆக்சிஜன் கருவிகளையும் வாங்கி அடுக்கியவர்களைப் பார்த்திருக்கிறேன். தவணை தொடங்கிய பின் கட்டில் சம்பளம் கொடுக்காது.

கேள்வி (தச்சநல்லூர்): அரசே ‘மக்களைத் தேடி மருத்துவம்’ மூலம் வீட்டுக்கு வருகிறதே, நம்மிடம் யார் வருவார்கள்?

பதில்: 2021 ஆகஸ்ட் முதல் நடக்கும் அந்தத் திட்டத்தில் சர்க்கரை, இரத்த அழுத்த மாத்திரைகளும் இயன்முறைச் சிகிச்சையும் நோய்த்தணிப்புச் சேவையும் வீடு தேடி இலவசமாக வருகின்றன. அது நமக்குப் போட்டியன்று. மாத்திரை தந்துவிட்டு அவர்கள் போய்விடுவார்கள். இரவு இரண்டு மணிக்குக் கழிவறைக்குக் கைபிடித்து அழைத்துப் போக ஆள் வேண்டும். உங்கள் நோயாளிகளின் பெயரை அதில் சேர்த்துக் கொடுங்கள், குடும்பத்தின் செலவு குறையும்.

கேள்வி (தோகா, சொந்த ஊர் களக்காடு): நகை காணவில்லை என்று பழி வந்தால் என்ன செய்வது?

பதில்: வரும். காவல்துறைச் சரிபார்ப்பும் ஆதார் நகலும், ஊரில் பொறுப்பேற்கும் ஒருவரின் கையொப்பமும் இல்லாமல் யாரையும் அனுப்பாதீர்கள். அதைவிட முக்கியம், ஆளை அனுப்பும் முன் மேற்பார்வைச் செவிலியர் அந்த வீட்டுக்கு ஒருமுறை போக வேண்டும். கழிவறைக்கு எத்தனை படி, கட்டில் என்ன உயரம் என்று பார்ப்பதோடு, பீரோச் சாவி யாரிடம் இருக்கிறது என்றும் கேட்டு, நோயாளியின் கழுத்திலும் கையிலும் உள்ள நகையைக் குடும்பத்தார் முன்னிலையில் எழுதி இருதரப்பும் கையொப்பமிட வேண்டும். ஒருமுறை ஒரு வீட்டில் காணாமற்போன மோதிரம், மூன்று நாள் கழித்து ஆச்சியின் வெற்றிலைச் செல்லத்தில் கிடைத்தது. அந்தப் பெண் அதற்குள் வேலையை விட்டுப் போயிருந்தார், திரும்ப வரவில்லை.