கட்டுச்சோறு எத்தனை நாளுக்கு?

கேள்வி: ஐயா, எங்கள் லயத்துக் காம்பராவுக்குப் பின்னால் சிமெந்துத் தொட்டி கட்டிக் கோய் மீன் வளர்க்கிறேன். பீலித் தண்ணீர்தான். பெரிய மீன்கள் கொழுகொழுவென்று இருக்கின்றன. குஞ்சுகளோ மூன்று வாரத்துக்குள் உடம்பில் பஞ்சு போலப் படிந்து செத்துப்போகின்றன. ஒரே தண்ணீரில் தாய்க்கு வராத நோய் பிள்ளைக்கு மட்டும் ஏன்? மனிதருக்குக் கொடுக்கும் அன்டிபயோட்டிக் மாத்திரையைக் கரைத்து ஊற்றலாமா?
– வாசகர், ஹட்டன்

பதில்: மாத்திரையை முதலில் அலுமாரிக்குள் வையுங்கள், தம்பி. காய்ச்சலுக்கு வாங்கி மிஞ்சியதை நானும் ஒருமுறை பொடித்துப் போட்டேன். அது பற்றீரியாவுக்கான மருந்து. பஞ்சு போலப் படியும் பங்கசை, அதாவது பூஞ்சணத்தை, அது தொடவே இல்லை. கழிவைத் தின்று தண்ணீரைக் காத்த நல்ல பற்றீரியாவைத்தான் கொன்றது. மறுநாளே தொட்டி நாறியது.

கிருமி தாயின் உடம்பிலும் இருக்கும். அவளுக்கு அதை அடக்கத் தெரியும், அவ்வளவுதான். பால் கொடுக்காத அந்தத் தாய், முட்டையின் மஞ்சட்கருவுக்குள் கிருமியைப் பிடிக்கும் தன் பிறபொருளெதிரிகளையும், பற்றீரியாவின் சுவரை உடைக்கும் லைசோசைம் என்ற புரதத்தையும் கட்டுச்சோறாகக் கட்டிக் கொடுக்கிறாள். கோய்க் குஞ்சு பொரித்த சில நாட்களில் மஞ்சட்கரு தீர்ந்துவிடும். தாய் தந்த காவலும் அதன்பின் மெல்லத் தேய்ந்துவிடும்.

குஞ்சின் சொந்த நிர்ப்பீடனமோ, அதாவது நோயெதிர்ப்புச் சக்தியோ, அவசரப்படுவதில்லை. கிருமியை விழுங்கும் செல்கள் தொடக்கத்திலேயே உண்டு. ஆனால் வந்த கிருமியை அடையாளம் கண்டு, நினைவில் வைத்து, அதற்கென்றே பிறபொருளெதிரி செய்வதற்கு வாரங்கள் வேண்டும். முதலில் செவுளுக்கு அருகே உள்ள தைமஸ் சுரப்பி, பிறகு சிறுநீரகத்தின் முன்பகுதி, கடைசியில் மண்ணீரல் என்று உறுப்புகள் ஒவ்வொன்றாகத் தயாராகின்றன. (நமக்கு எலும்பு மச்சை செய்யும் வேலையை மீனுக்குச் சிறுநீரகம் செய்கிறது. எனக்கு இன்றும் வியப்புதான்.) ஆய்வுகூடத்தில் 28 பாகை செல்சியஸ் வெப்பநிலையில் வளரும் வரிக்குதிரை மீனுக்கே இதற்கு 4 முதல் 6 வாரம் ஆகிறது. குளிரில் எல்லாம் இன்னும் தாமதம். தை மாதத்துப் பின்னிரவில் உங்கள் சிமெந்துத் தொட்டி எப்படிச் சில்லிடும் என்று உங்களுக்கே தெரியும். கட்டுச்சோறு தீர்ந்து, சொந்த அடுப்பு மூளாத அந்த இடைவெளியில்தான் குஞ்சுகள் சாகின்றன.

ஆகவே முட்டை ஒட்டிய செடிவேரை எடுத்து வேறு தொட்டியில் விடுங்கள். வெள்ளையாகிப் போன முட்டைகளை அன்றன்றே நீக்குங்கள், பங்கசு அங்கிருந்துதான் பரவும். தொட்டியை இரவில் சாக்கால் மூடுங்கள். அவித்த முட்டைக் கருவைத் துணியில் பிழிந்து போடுகிறீர்களென்றால் விரல்நுனி அளவு போதும், மிஞ்சியது அழுகும். இரண்டு மாதமாவது பெரியவற்றோடு சேர்க்காதீர்கள். நோய்க்காக மட்டுமல்ல, பெரிய கோய்க்குத் தன் பிள்ளையும் இரைதான்.