கேட்டை மறிக்கும் கார்: கல்லைப் போடும் முன் பத்திரத்தைப் பாருங்கள்

கேள்வி: தக்கலைக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் இருக்கிறோம். கணவர் குவைத்தில் வேலை பார்க்கிறார். மாமியாருக்கு வாரம் இரண்டு நாள் டயாலிசிஸ். காலை 6 மணிக்கு நான்தான் காரில் நாகர்கோவிலுக்குக் கூட்டிப் போகிறேன். வீட்டு முன் 12 அடி சிமெண்ட் ரோடு. எதிர்வீட்டு அண்ணாச்சிக்கு வீட்டுக்குள் கார் விட இடமில்லை. எங்கள் கேட்டுக்கு எதிரே நிறுத்துகிறார். சில நாள் இந்தப் பக்கம் வந்து கேட்டில் பாதியை மறைத்தும் நிறுத்திவிடுகிறார். கேட்டால், "ரோடு என்ன உங்க சொத்தா?" என்கிறார். "வண்டி நிறுத்தாதீர்" என்று போர்டு வைத்தேன், பலனில்லை. போலீஸ் ஸ்டேஷனில், "இது சிவில் மேட்டர், பேசித் தீர்த்துக்கிடுங்க" என்று அனுப்பிவிட்டார்கள். கேட்டுக்கு முன்னால் இரண்டு கல்லைத் தூக்கிப் போடலாமா? டயர் காற்றைப் பிடுங்கிவிடு என்கிறான் தம்பி. — பெயர் வெளியிட விரும்பாத வாசகி.

பதில்: அண்ணாச்சி சொன்னதில் பாதி சரி. ரோடு உங்கள் சொத்து இல்லைதான். ஆனால் ரோட்டிலிருந்து உங்கள் வீட்டுக்குள் ஏறி இறங்கும் உரிமை உங்களுடையது. பொதுச்சாலையை ஒட்டி நிலம் உள்ளவர் அந்தச் சாலைக்குப் போய்வருவதை யாரும் தடுக்க முடியாது என்று நீதிமன்றங்கள் பலமுறை சொல்லியாகிவிட்டது. "கேட்டுக்கு முன்னால் உள்ள இடம் எனக்கு" என்று வழக்காடினால் தோற்பீர்கள். "என் வழியை விடு" என்று மட்டும் கேளுங்கள்.

அதனால் கல் போடக்கூடாது. பூந்தொட்டி, சங்கிலி, இரும்புக் கம்பி எதுவும் கூடாது. பொது ரோட்டில் நீங்கள் வைக்கும் கல்லும் இடையூறுதான். அதில் இரவில் ஒரு பைக் மோதினால் வழக்கு உங்கள் மேல் வரும். போர்டை எடுக்க வேண்டாம், ஆனால் அதற்குச் சட்ட பலம் இல்லை. போக்குவரத்துக் குறியீடு வைக்கும் அதிகாரம் மோட்டார் வாகனச் சட்டம் 116-வது பிரிவின்படி அரசுக்கும் அரசு அதிகாரம் கொடுத்தவர்களுக்கும்தான். உங்களுக்கு போர்டு தேவையும் இல்லை. கட்டடத்தின் நுழைவாயில் முன்னால் வண்டி நிறுத்தக்கூடாது என்று 2017-ம் ஆண்டு மோட்டார் வாகன ஓட்டுதல் ஒழுங்குமுறைகளே சொல்கின்றன.

இதெல்லாம் அந்த ரோடு பொதுவழியாக இருந்தால் மட்டுமே. குமரி மாவட்டத்தில் இதை முதலில் உறுதி செய்யாமல் ஒரு அடி எடுத்து வைக்காதீர்கள். இங்கே பல இடங்களில் ரோடு மாதிரித் தெரிவது ரோடே அல்ல. தாத்தாவின் விளையை, அதாவது தோட்ட நிலத்தை, பிள்ளைகள் பாகம் பிரிக்கும்போது ஆளுக்குக் கொஞ்சம் விட்டு உண்டாக்கிய வழி அது. பிறகு மெம்பர் வந்து சிமெண்ட் போட்டிருப்பார், தெருவிளக்கும் வந்திருக்கும். சிமெண்ட் போட்டதால் மட்டும் அது பஞ்சாயத்து ரோடு ஆகிவிடாது. மோட்டார் வாகனச் சட்டம் "பொது இடம்" என்று சொல்வது பொதுமக்களுக்குப் போய்வர உரிமை உள்ள இடத்தைத்தான்.

கண்டுபிடிக்கும் வழி: தமிழக அரசின் இ-சர்வீசஸ் தளத்தில் உங்கள் சர்வே எண்ணுக்கான எஃப்.எம்.பி. வரைபடத்தையும் (நிலத்தின் அளவுகளைக் காட்டும் சர்வே வரைபடம்), ரோடு விழும் எண்ணுக்கு ஏ-பதிவேட்டுப் பகுதியையும் (நிலம் யாருடையது, என்ன வகை என்று காட்டும் வருவாய்த் துறைப் பதிவேடு) எடுங்கள். அதில் அரசுப் புறம்போக்கு, பாதை என்று இருந்தால் கவலை இல்லை. சானல்கரை (கால்வாய்க்கரை) ரோடாக இருந்து நீர்வளத் துறையின் நிலமாக இருந்தாலும், பொதுமக்கள் உரிமையோடு போய்வரும் பாதை என்றால் பொதுவழிதான். அடுத்து பஞ்சாயத்துக்குத் தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு: இந்த ரோடு உங்கள் சாலைப் பதிவேட்டில் இருக்கிறதா, எந்த சர்வே எண், எத்தனை அடி அகலம்? கட்டணம் 10 ரூபாய். கோர்ட்டுக் கட்டண வில்லை ஒட்டினால் போதும். 30 நாளில் பதில் வரவேண்டும். கடைசியாக உங்கள் பத்திரம், அண்ணாச்சி வீட்டுப் பத்திரம் இரண்டின் நான்கெல்லை. "மேற்கே பொது ரோடு" என்று இருந்தால் ஒரு கணக்கு. "மேற்கே இன்னாருக்கும் இன்னாருக்கும் பொதுவான வழி" என்று இருந்தால் வேறு கணக்கு.

பொதுவழி என்று தெரிந்துவிட்டால், "சிவில் மேட்டர்" என்ற பதில் தவறு. மற்றவர்களுக்கு இடையூறாக வண்டியைப் பொது இடத்தில் நிறுத்துவதை மோட்டார் வாகனச் சட்டம் 122-வது பிரிவு தடுக்கிறது. கேட்டுக்கு எதிரே நிறுத்தி உங்கள் வண்டியைத் திரும்ப விடாமல் செய்வதும் இதில் வரும். 177-வது பிரிவில் முதல் தடவை 500 ரூபாய், மறுபடி செய்தால் 1,500 ரூபாய் அபராதம். நிறுத்தத் தடை உள்ள இடத்தில் நிற்கும் வண்டியை அகற்றவோ பூட்டவோ சீருடையில் உள்ள போலீஸ் அதிகாரி 127-வது பிரிவில் உத்தரவிடலாம்; செலவு வண்டிக்காரர் தலையில். 10 மணி நேரம் காத்திருக்க வேண்டும் என்று சிலர் சொல்வது கேட்பாரற்று விடப்பட்ட வண்டிக்கு. கிராமத்தில் இழுவை வண்டி வராது என்பதும் உண்மை. பெரும்பாலும் ஸ்டேஷனிலிருந்து வண்டிக்காரருக்கு ஒரு போன் போகும், அவ்வளவுதான். அதுவே பாதி வேலையை முடித்துவிடும்.

வேண்டுமென்றே ஒருவர் போகும் வழியை மறிப்பது பாரதிய நியாய சன்ஹிதா (பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதில் வந்த சட்டம்) 126-வது பிரிவில் குற்றம்: ஒரு மாதம் வரை சாதாரணச் சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். பொதுவழியில் இடையூறு செய்வது 285-வது பிரிவு. அதற்கும் அபராதம் 5,000 வரை. இரண்டுமே போலீஸ் நேரடியாக வழக்குப் பதியக்கூடியவை. சிக்கல் "வேண்டுமென்றே" என்பதில்தான். "தெரியாம நிறுத்திட்டேன், சொல்லியிருந்தா எடுத்திருப்பேனே" என்று அவர் சொன்னால் அதோடு முடிந்தது. அதற்காகத்தான் முதலில் எழுத்தில் ஒரு கடிதம். மிரட்டல் வேண்டாம். "செவ்வாய், வெள்ளி காலை 5.30 முதல் டயாலிசிஸுக்குப் போகவேண்டும், கேட்டையும் எதிர்ப்பக்கத்தையும் விட்டு நிறுத்துங்கள்" என்பதுபோல உங்கள் கிழமைகளைப் போட்டு நான்கு வரி. ஸ்பீடு போஸ்டில் ஒப்புகையோடு அனுப்புங்கள், எதிர்வீடாக இருந்தாலும்.

போட்டோ எடுப்பதில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். நம்பர் பிளேட்டை மட்டும் பெரிதாக எடுத்து வந்து காட்டுவார்கள். அதில் கேட் எங்கே என்றே தெரியாது. மூன்று படம் வேண்டும். ஒன்று, சற்றுத் தள்ளி நின்று கேட், வண்டி, ரோட்டின் இரு ஓரமும் தெரியும்படி. இரண்டு, நம்பர் பிளேட். மூன்று, மிச்சமிருக்கும் ரோட்டின் அகலத்தில் டேப்பை நீட்டி வைத்து. உங்கள் வழக்கில் மூன்றாவது படம்தான் முக்கியம். சின்னக் கார்கூட ஏறத்தாழ ஐந்தரை அடி அகலம். 12 அடியில் அது போனால் மீதி ஆறரை அடி. உங்கள் கார் நேராக ஊர்ந்து போய்விடும். கேட்டிலிருந்து வெளியே வந்து ஒடிக்க முடியாது. ஆம்புலன்ஸாக ஓடும் பெரிய வேன் ஏறத்தாழ 7 அடி அகலம். அது உள்ளே வரவே வராது. இதை மனுவில் ஒரு வரியாக எழுதினால், படிக்கும் அதிகாரிக்கு விஷயம் சட்டென்று பிடிபடும். கேமரா இருந்தால் உங்கள் கேட்டை மட்டும் பார்க்கும்படி திருப்பி வையுங்கள். பதிவு தானாக அழியும் முன் தனியே எடுத்து வையுங்கள், எடுத்த போனையும் மாற்றாதீர்கள்.

மனுவில் தேதி, நேரம், வண்டி எண், எவ்வளவு நேரம் மறித்தது, என்ன பாதிப்பு என்பவை போதும். மாங்காய் மரக் கிளை, பழைய கல்யாண மனஸ்தாபம் எல்லாம் ஏற்றினால் "இது குடும்பச் சண்டை" என்று ஒதுக்கிவிடுவார்கள். கொடுத்ததும் மனு ரசீது, அதாவது சி.எஸ்.ஆர்., கேட்டு வாங்குங்கள். தரவில்லை என்றால் அதே மனுவை நாகர்கோவிலில் எஸ்.பி. அலுவலகத்துக்குத் தபாலில் அனுப்புங்கள். ஆஸ்பத்திரி போகும் காலையில் வண்டி மறித்து நின்றால் 112-க்கு அழையுங்கள். அந்த அழைப்பும் பதிவாகும்.

இதற்கும் அசையவில்லை என்றால் வருவாய்க் கோட்டம். தக்கலைப் பகுதி பத்மநாபபுரம் கோட்டத்தில் வரும். மனுவை சப்-கலெக்டருக்குக் கொடுங்கள். பொதுவழி இடையூறை அகற்ற பி.என்.எஸ்.எஸ்., அதாவது புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம், 152-வது பிரிவில் அவர் உத்தரவிடலாம். அங்கே எதிர்த்தரப்பு "இது பொதுவழியே இல்லை" என்று சொல்லி, அதற்கு நம்பும்படியான ஆதாரமும் காட்டினால், சிவில் கோர்ட்டு முடிவு செய்யும்வரை நடவடிக்கை நின்றுவிடும். எஃப்.எம்.பி.யை முதலிலேயே எடுக்கச் சொன்னது இதற்காக.

பாகப்பத்திர வழியாக இருந்தால் பாதை வேறு. அபராதம், இழுவை வண்டி எல்லாவற்றையும் மறந்துவிடுங்கள். பத்திரத்தில் "நடைவழி" என்று இருக்கிறதா, "வண்டிவழி" என்று இருக்கிறதா, எத்தனை அடி என்று பாருங்கள். ஒரு வகை வழியுரிமை இன்னொரு வகையை உள்ளடக்காது என்பது 1882-ம் ஆண்டு ஈஸ்மெண்ட் சட்டம் 28-வது பிரிவு. அதாவது நடைவழி மட்டும் எழுதியிருந்தால் கார் கொண்டுபோகும் உரிமை தானாக வராது. 20 ஆண்டு தடையில்லாமல், உரிமையோடு வண்டி ஓட்டியதை நிரூபிக்க வேண்டியிருக்கும். கூட்டு வழி என்றால் அண்ணாச்சிக்கும் அதில் பங்கு உண்டு. ஆனால் உங்களை அடைத்துப் போடும் அளவுக்கு அல்ல. தகராறு அடிதடி வரை போகும் நிலையில், பி.என்.எஸ்.எஸ். 166-வது பிரிவில் சப்-கலெக்டரோ தாசில்தாரோ விசாரித்து வழியைத் தடுக்கக்கூடாது என்று உத்தரவிட முடியும். ஆனால் ஆண்டு முழுக்கப் பயன்படும் வழிக்கு, விசாரணைக்குக் காரணமான போலீஸ் அறிக்கையோ தகவலோ அதிகாரிக்குக் கிடைப்பதற்கு முந்தைய மூன்று மாதத்துக்குள் அதைப் பயன்படுத்தியிருக்க வேண்டும். ஆகவே "எதுக்கு வம்பு" என்று காரை ஆறு மாதம் அம்மா வீட்டில் விட்டுவைக்காதீர்கள்.

நிரந்தரத் தீர்வு முன்சீப் கோர்ட்டில் தடையுத்தரவு வழக்கு. கூடவே இடைக்கால உத்தரவு மனு. உங்கள் இடம் எந்தக் கோர்ட்டு எல்லை என்று, பத்மநாபபுரமா இரணியலா, வக்கீல் சொல்வார். அதற்கு முன் கோர்ட்டு வளாகத்திலுள்ள வட்டச் சட்டப் பணிகள் குழுவில் மனு கொடுங்கள். பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவசச் சட்ட உதவி உண்டு. 15100-ல் அழைத்தும் கேட்கலாம். வழக்குக்கு முந்தைய சமரசத்துக்கு அண்ணாச்சியையும் அழைப்பார்கள். அங்கே எழுதிக் கையெழுத்தாகி லோக் அதாலத்தில் பதிவானால் அது கோர்ட்டுத் தீர்ப்புக்குச் சமம். அன்பியத்திலோ (சர்ச்சின் பகுதிக் குழு) ஊர்வகையிலோ (ஊர்ச் சமூக அமைப்பு) பேசி வைப்பதும் நல்லதுதான், அதற்கு இந்த பலம் கிடையாது.

தம்பிக்கு: டயர் காற்றைப் பிடுங்கினால், வண்டியைக் கீறினால் அது பாரதிய நியாய சன்ஹிதா 324-வது பிரிவு, சொத்துக்குச் சேதம். ஆறு மாதம் வரை சிறை; சேதம் 20,000 ரூபாயைத் தாண்டினால் இரண்டு ஆண்டு வரை. உங்கள் காரைக் குறுக்கே விட்டு அவர் வண்டியை அடைப்பதும் வேண்டாம், அதே 126 உங்கள் மேல் திரும்பும்.

உங்கள் பக்கத்தையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். கேட் ரோட்டுப் பக்கம் திறக்கிறதா? சாய்தளம் ஓடையைத் தாண்டி ரோட்டில் நீண்டிருக்கிறதா? இருந்தால் எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் எடுப்பது அதைத்தான். மனு கொடுக்கும் முன் சரிசெய்யுங்கள். கேட்டை நான்கு அடி உள்ளே தள்ளி, மதில் மூலை இரண்டையும் சாய்வாக வெட்டிவிட்டால், கார் திரும்ப ரோட்டின் மறு ஓரம் வரை போகவேண்டியதில்லை. கொத்தனாருக்கு இரண்டு மூன்று நாள் வேலை. வழக்கு எப்படிப் போனாலும் அந்த இடம் உங்களுக்கு மிச்சம்.