குளியலறை மின்வேலை: கூலியை மிச்சப்படுத்தலாமா?

கேள்வி: எங்கள் குளியலறையைப் புதுப்பித்து வருகிறோம். வாட்டர் ஹீட்டருக்குப் புதிய மின் இணைப்பு, எக்ஸாஸ்ட் ஃபேன், கண்ணாடிக்கு மேலே ஒரு விளக்கு ஆகிய வேலைகள் பாக்கி. எலக்ட்ரீஷியன் கேட்கும் கூலி பொருள்களின் விலையைவிட அதிகமாக இருக்கிறது. சுவிட்ச் மாற்றுவது, ஃபேன் மாட்டுவது எல்லாம் எனக்குப் பழக்கம்தான். இதையும் நானே செய்து அந்தப் பணத்தைச் சேமிக்கலாமா?

பதில்: செலவைக் குறைக்க நினைப்பது நியாயமானதே. ஆனால் கூலித் தொகை முழுவதையும் மிச்சம் என்று நீங்கள் எழுதிக்கொண்டிருப்பதாகத் தோன்றுகிறது. அதில் கழிக்க வேண்டியவை பல இருக்கின்றன. ஒயரின் காப்பு (இன்சுலேஷன்) சரியாக இருக்கிறதா, எர்த் இணைப்பு முழுமையாக இருக்கிறதா என்று அளந்து பார்க்கும் கருவிகள் உங்களிடம் இருக்க வாய்ப்பில்லை. ஒரு முறை பயன்படுத்துவதற்காக அவற்றை வாங்குவதும் வீண் செலவு. அதைவிடப் பெரிய செலவு, டைல்ஸ் ஒட்டிய பிறகு பிழை தெரியவந்தால் வரும். டைல்ஸை உடைக்க வேண்டும், நீர்க்கசிவுத் தடுப்புப் பூச்சை மீண்டும் பூச வேண்டும். பிறர் செய்த ஒயரிங்கிற்குப் பொறுப்பேற்கத் தயங்கும் எலக்ட்ரீஷியன், எல்லாவற்றையும் தொடக்கத்திலிருந்து சோதித்து, அதற்கும் சேர்த்தே கூலி கேட்பார்.

இவையெல்லாம் பணத்தால் சரிசெய்யக்கூடிய இழப்புகள். உயிருக்கு வரும் ஆபத்து அப்படியல்ல. உலர்ந்த தோல் மின்சாரத்தைப் பெருமளவு தடுக்கும். நனைந்த உடலின் மின்தடையோ சுமார் 1,000 ஓம் அளவுக்கு இறங்கிவிடக்கூடும். அந்த நிலையில் 230 வோல்ட் பட்டால் ஏறத்தாழ 230 மில்லிஆம்பியர் உடலில் பாயும். மின்கசிவைக் கண்டறிந்து உயிர்காக்கும் ஆர்சிசிபி என்ற சுவிட்ச் வழக்கமாக 30 மில்லிஆம்பியர் கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டிக்கும்படி அமைக்கப்படுகிறது என்பதை இத்துடன் ஒப்பிட்டுப் பாருங்கள். "எம்சிபி இருக்கிறதே, டிரிப் ஆகிவிடும்" என்று பலர் நம்புகிறார்கள். எம்சிபி, ஒயரில் அளவுக்கு மீறிய சுமை ஏறும்போதோ ஷார்ட் சர்க்யூட் ஏற்படும்போதோ துண்டிக்கும். மனித உடல் வழியாகக் கசியும் சிறிய மின்னோட்டம் அதற்குத் தெரியாது. 3,000 வாட் ஹீட்டர் 230 வோல்ட்டில் சுமார் 13 ஆம்பியர் இழுக்கும் என்பதால், அதற்குத் தனி லைனும் உரிய பருமனுள்ள ஒயரும் தேவை. சுவிட்ச் மாற்றிய அனுபவம் இதற்குப் போதாது.

குளியலறையில் புதிய மின் இணைப்பு கொடுப்பதைப் பல நாடுகளில் உரிமம் பெற்றவர்தாம் செய்யலாம், அல்லது செய்தபின் முறையாகச் சோதித்துச் சான்று பெற வேண்டும். உங்கள் ஊர் விதியையும், வீட்டுக் காப்பீட்டுப் பத்திரத்தில் மின்வேலை குறித்த நிபந்தனைகளையும் படித்துவிடுங்கள். காப்பீட்டு நிறுவனம் இழப்பீட்டை மறுக்க நேர்ந்தால், நீங்கள் சேமித்த கூலி அதற்கு எந்த மூலைக்கும் காணாது.

ஆகவே ஹீட்டர் லைன், சுவருக்குள் செல்லும் ஒயர், எர்த், ஆர்சிசிபி ஆகியவற்றை எலக்ட்ரீஷியனிடமே விடுங்கள் என்பது என் உறுதியான கருத்து. கூலியைக் குறைக்க வேறு வழிகள் இருக்கின்றன. சுவருக்குள் செல்லும் ஒயர் வேலை முழுவதையும் டைல்ஸ் ஒட்டும் முன்பு ஒரே வருகையில் முடிக்கும்படி பேசுங்கள். பழைய அலமாரியை அகற்றுவது, அவர் குறித்துக் கொடுத்த இடத்தில் மட்டும், மெயினை அணைத்த பிறகு, சுவரில் ஒயர் செல்லக் காடி (நீளப் பள்ளம்) வெட்டுவது, முடிந்ததும் பூசுவது ஆகியவற்றை நீங்களே செய்யலாம். விளக்கையும் ஃபேனையும் நீங்களே விலை விசாரித்து வாங்கலாம். தண்ணீர் தெறிக்கும் இடமென்றால் தெறிக்கும் நீரைத் தாங்கும் ஐபிஎக்ஸ்4 தரமாவது இருக்க வேண்டும்.

மதிப்பீட்டை இரண்டு மூன்று பேரிடம் எழுத்தில் கேளுங்கள். பொருளும் கூலியும் தனித்தனியே இருக்கட்டும். எர்த் சோதனையையும் ஆர்சிசிபி சோதனையையும் சேர்க்காமல் குறைந்த தொகை சொல்பவரை, மலிவு என்பதற்காக மட்டும் தேர்ந்தெடுக்க வேண்டாம். கூலியில் ஒரு பகுதியை, அந்தச் சோதனை அளவுகளை எழுதிக் கையொப்பமிட்டுத் தந்த பிறகு கொடுப்பதாக முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள். சுவரை மூடும் முன் ஒயர் பைப் செல்லும் பாதையைப் படமெடுத்து அந்தத் தாளுடன் வைத்திருந்தால், பின்னாளில் துளையிடும்போதும் வீட்டை விற்கும்போதும் பயன்படும்.