கழித்தல் கணக்கல்ல சமையல்: நடுவயது அடுப்படிக் கேள்வி பதில்

இந்த முறை வந்த கேள்விகளை மேசையில் பரப்பி வைத்துப் படித்தேன். பாதிக்கு மேல் ஒரே இடத்தில்தான் போய் முடிகின்றன: "எதையெல்லாம் நிறுத்த வேண்டும்?" 45 வயதைத் தாண்டியதும் சமையல் ஒரு கழித்தல் கணக்காகிவிடுகிறது. உப்பைக் கழி, எண்ணெயைக் கழி, இனிப்பைக் கழி, மிச்சமிருப்பதை முகம் சுளிக்காமல் விழுங்கு. நான் ஊட்டச்சத்து படித்தவள். படித்ததைவிட அதிக ஆண்டுகள் அடுப்பின் முன் நின்றவள். சப்பென்ற சாப்பாட்டை ஒரு மாதத்துக்கு மேல் விடாமல் சாப்பிட்டவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. ஆகவே, நிறுத்துவதைவிடச் சமைப்பதைப் பற்றித்தான் இங்கே அதிகம் பேசப் போகிறேன்.

ரத்த அழுத்தம் இருப்பதால் சமையலில் உப்பைப் பாதியாக்கிவிட்டேன். வீட்டில் யாருக்கும் சாப்பாடு இறங்கவில்லை. என் கணவர் தட்டிலேயே உப்பைத் தூவிக்கொள்கிறார். என்ன செய்வது?

அவரைத் திட்டாதீர்கள். தெரியாமலே சரியான ஒன்றைச் செய்கிறார். குழம்புக்குள் கரைந்து போன உப்பைவிட, உணவின் மேல் கிடக்கும் உப்பு நாக்கில் உடனே படும். அதனால் வேகும்போது குறைவாகப் போட்டு, இறக்கிய பிறகு மேலே கொஞ்சம் தூவினால், மொத்த அளவு குறைந்தும் உப்புச் சுவை குறைந்ததாகத் தெரியாது. ஆனால் தூவுவது உங்கள் கையில் இருக்கும் அளவுக் கரண்டியாக இருக்கட்டும், அவர் கைப்பிடியாக இருக்க வேண்டாம்.

நீங்கள் செய்த தவறு, ஒரே நாளில் பாதியாக்கியது. குறைந்த உப்புக்கு நாக்கு பழகச் சில வாரங்கள் பிடிக்கும். வாரத்துக்குக் கொஞ்சமாகக் குறைத்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. தெரியாமல் செய்ய வேண்டியதை அறிவித்துவிட்டுச் செய்தால் எந்த வீட்டிலும் எதிர்ப்பு வரும்!

உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் அளவு ஒரு நாளுக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்பு. தோராயமாக ஒரு தேக்கரண்டி. இதில் ரொட்டி, ஊறுகாய், சாஸ், பொட்டலத் தீனி எல்லாவற்றில் இருப்பதும் அடக்கம். ஆகவே கறியில் கைவைப்பதற்கு முன், பொட்டலத்தில் வருவதைக் கணக்கெடுங்கள். பல வீடுகளில் பெரிய ஓட்டை அங்கேதான் இருக்கிறது.

அடுத்தது புளிப்பு. உப்பு விட்டுச் சென்ற இடத்தை ஓரளவு நிரப்பக்கூடியது அதுதான். எலுமிச்சைச் சாற்றை அடுப்பை அணைத்த பிறகு பிழியுங்கள், கொதிக்கவிட்டால் மணம் ஓடிவிடும். மிளகையும் சீரகத்தையும் வறுத்து அன்றன்றைக்குப் பொடியுங்கள். ஆறு மாதம் டப்பாவில் கிடந்த பொடியில் நிறம்தான் மிச்சம்.

இன்னொன்று, உமாமி. இறைச்சிச் சாற்றில் இருப்பது போல நாக்கில் நிறைந்து நிற்கும் சுவை. 1908ஆம் ஆண்டு ஜப்பானிய வேதியியலாளர் கிகுனே இகேடா கடற்பாசியிலிருந்து பிரித்து அடையாளம் காட்டியது. காளான், பழுத்த தக்காளி, முற்றிய பாலாடைக்கட்டி ஆகியவற்றில் நிறைய உண்டு. தக்காளியை எண்ணெய் பிரியும் வரை சுருள வதக்கினால் அந்தச் சுவை செறியும். விதையைச் சுற்றியிருக்கும் வழவழப்பை வழித்துக் கொட்டுகிறவர்கள் உண்டு. அந்தச் சுவை சதையைவிட அதில்தான் அதிகம் என்பது தெரிந்தால் கொட்டமாட்டார்கள்.

சோடியம் குறைந்த உப்பு என்று விற்கிறார்களே, அதற்கு மாறிவிடலாமா?

அதில் சோடியத்துக்குப் பதிலாகப் பொட்டாசியம் சேர்த்திருக்கிறார்கள். சிறுநீரகக் கோளாறு இருப்பவர்களும், உடலில் பொட்டாசியத்தைத் தக்கவைக்கும் சில ரத்த அழுத்த மருந்துகளை எடுப்பவர்களும் மருத்துவரைக் கேட்காமல் தொடக் கூடாது. மற்றவர்களுக்குப் பயன்படும். லேசான கசப்பு தெரியும், புளிப்பு அதை மறைத்துவிடும்.

எனக்கு 47 வயது. முன்பு சாப்பிட்ட அளவுதான் சாப்பிடுகிறேன். எடை ஏறிக்கொண்டே போகிறது. 40க்கு மேல் உடலின் எரிக்கும் சக்தி குறைந்துவிடும் என்கிறார்களே?

எல்லோரும் சொல்கிறார்கள், நானும் ஒரு காலத்தில் சொல்லியிருக்கிறேன். 2021இல் 'சயன்ஸ்' இதழில் வந்த ஆய்வு அதை அசைத்துவிட்டது. 29 நாடுகளைச் சேர்ந்த 6,400க்கும் மேற்பட்டவர்களை அளந்து பார்த்ததில், உடல் அளவையும் தசையையும் கணக்கில் கொண்டால், 20 முதல் 60 வயது வரை எரிக்கும் வேகம் கிட்டத்தட்ட மாறுவதில்லை. அதன் பிறகுதான் மெல்ல இறங்குகிறது.

அப்படியானால் எடை எங்கிருந்து வருகிறது? தசை குறைகிறது, நடை குறைகிறது, தூக்கம் கெடுகிறது. "அதே அளவு" என்று நாம் நினைப்பதும் பெரும்பாலும் அதே அளவாக இருப்பதில்லை. ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் சுமார் 120 கலோரி. புட்டியிலிருந்து நேராக ஊற்றுகிறவருக்கு ஒரு கரண்டிக்கும் மூன்று கரண்டிக்கும் வேறுபாடு தெரியாது. ஒரு வாரம் மட்டும் எண்ணெயைக் கரண்டியால் அளந்து ஊற்றிப் பாருங்கள். வேறெதையும் மாற்ற வேண்டாம். அந்த வாரக் கணக்கே உங்களுக்குப் பதில் சொல்லும்.

எண்ணெயைக் குறைத்தால் காய்கறி வதங்காமல் வெந்து குழைகிறது. ருசியே இல்லை.

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. எண்ணெயைவிட இதில் தண்ணீருக்குத்தான் பங்கு அதிகம்.

காய் பொன்னிறமாகும்போது வரும் மணத்துக்குக் காரணமான வினையை 1912இல் லூயி கமீல் மையார் என்ற பிரெஞ்சு வேதியியலாளர் விவரித்தார். அது மும்முரமாக நடக்கச் சுமார் 140 பாகை செல்சியஸ் வெப்பம் வேண்டும். தண்ணீரோ 100 பாகையில் கொதித்து, அது ஆவியாகித் தீரும் வரை சட்டியின் பரப்பை அங்கேயே பிடித்து வைத்துக்கொள்ளும். கழுவிய காயை ஈரத்தோடு போட்டாலும், சட்டி நிறைய அள்ளிப் போட்டாலும், மூடி போட்டாலும் நீங்கள் செய்வது வதக்கல் ஆகாது, அவித்தல்தான். நான் சமைக்கத் தொடங்கிய காலத்தில் ஒரு கூடைக் காளானை ஒரே சட்டியில் கொட்டிவிட்டு, அது தன் தண்ணீரிலேயே நீந்துவதைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன். எண்ணெய் போதவில்லை என்று நினைத்து மேலும் ஊற்றினேன். எண்ணெயில் நீந்தியது.

செய்ய வேண்டியது இதுதான். காயைத் துணியில் ஒற்றி ஈரம் போக்குங்கள். ஒரு கிண்ணத்தில் போட்டு ஒரு கரண்டி எண்ணெய் விட்டுக் கையால் பிசறுங்கள். சட்டியில் ஊற்றினால் ஓரிடத்தில் தேங்கும் எண்ணெய், பிசறும்போது எல்லாத் துண்டிலும் ஒட்டிக்கொள்ளும். கனமான அகலச் சட்டி நன்றாகக் காய்ந்த பிறகு ஒற்றை அடுக்காகப் பரப்புங்கள். பிறகு கையைக் கட்டிக்கொண்டு நில்லுங்கள். கிளறினால் நிறம் பிடிக்காது. ஒரு பக்கம் சிவந்ததும் திருப்பி, கடைசியில் உப்பு. முதலிலேயே போட்டால் காய் தண்ணீர் விட்டுவிடும். உருளைக்கிழங்கு போன்ற மாவுப் பண்டங்களைப் பொன்னிறத்தோடு நிறுத்துங்கள். கருகினால் அக்ரிலமைடு என்ற வேண்டாத பொருள் கூடும்.

எண்ணெயை அடியோடு ஒழிக்கவும் வேண்டாம். கேரட்டின் நிறப்பொருளான கரோட்டினும் தக்காளியின் நிறப்பொருளான லைகோபீனும் கொழுப்போடு சேர்ந்தால்தான் உடலில் நன்றாகச் சேரும்.

எந்த எண்ணெய் நல்லது?

புகையவிடாமல், மறுபடி மறுபடி காய்ச்சாமல், அளந்து ஊற்றுகிற எந்தத் தாவர எண்ணெயும் பெரும்பாலும் போதும். தேங்காய் எண்ணெயும் பாமாயிலும் நிறைகொழுப்பு (ரத்தத்தில் கெட்ட கொழுப்பை ஏற்றும் வகை) மிகுந்தவை, அவற்றை மட்டும் குறைத்துக்கொள்ளுங்கள். இந்தக் கேள்விக்கு மாதம் ஒரு முறை பதில் எழுதுகிறேன்.

மாதவிடாய் நின்று இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. பால் ஒத்துக்கொள்ளாது. எலும்புக்காகத் தினமும் பசலைக்கீரை சாப்பிடுகிறேன். போதுமா?

போதாது. சொல்லச் சங்கடமாகத்தான் இருக்கிறது, இரண்டு ஆண்டுகளாக விடாமல் சாப்பிட்டிருக்கிறீர்கள். பசலையில் கால்சியம் நிறைய உண்டு, உண்மை. ஆனால் அதிலுள்ள ஆக்சலேட் என்ற பொருள், உடலுக்குள் சேரவிடாமல் அதைக் கட்டிப் போட்டுவிடுகிறது. பாலில் இருக்கும் கால்சியத்தில் சுமார் 30 விழுக்காட்டை உடல் எடுத்துக்கொள்கிறது என்றால், பசலையில் சுமார் 5 விழுக்காடுதான். கீரையை விட வேண்டாம். அதில் வேறு நன்மைகள் இருக்கின்றன. கால்சியக் கணக்கில் மட்டும் அதைச் சேர்க்காதீர்கள்.

பால் ஒத்துக்கொள்ளாத பலருக்குத் தயிர் ஒத்துக்கொள்ளும். பாலின் சர்க்கரையில் ஒரு பங்கை நுண்ணுயிர்கள் முன்கூட்டியே செரித்துவிடுகின்றன. முற்றிய பாலாடைக்கட்டியில் அந்தச் சர்க்கரை மிகக் குறைவு. முள்ளோடு மென்று சாப்பிடும் சிறு மீன்கள், கால்சியம் சேர்த்து உறையவைத்த டோஃபு என்ற சோயாக் கட்டி, முட்டைக்கோஸ், புரோக்கோலி ஆகியவை அடுத்த வரிசை. அமெரிக்கப் பரிந்துரைப்படி 50 வயதைக் கடந்த பெண்ணுக்கு ஒரு நாளுக்கு 1,200 மில்லிகிராம் தேவை. உணவில் எட்டவில்லை என்றால் மாத்திரை பற்றியும், வைட்டமின் டி அளவு பற்றியும் மருத்துவரிடம் கேளுங்கள். எலும்பு நிலைத்து நிற்கச் சாப்பாடு மட்டும் போதாது, அதற்குச் சுமையும் வேண்டும். வாரத்தில் சில நாள் எடை தூக்குங்கள்.

50 வயதில் புரதப் பொடி அவசியமா?

அவசியம் இல்லை. பெரியவர்களுக்கான பொதுப் பரிந்துரை, உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 0.8 கிராம் புரதம். முதுமையில் 1 முதல் 1.2 கிராம் வரை வேண்டும் என்று நிபுணர் குழுக்கள் சொல்கின்றன. சிறுநீரகம் நன்றாக இருந்தால், நடுவயதிலேயே 1 கிராமை நோக்கி நகருங்கள் என்பது என் கருத்து. 60 கிலோ எடை என்றால் 60 கிராம். ஒரு முட்டையில் 6 கிராம், 100 கிராம் வெந்த பருப்பில் சுமார் 9, 100 கிராம் மீனில் 20க்கு மேல்.

அளவைவிடப் பங்கீட்டில்தான் பலரும் சறுக்குகிறோம். காலையில் வெறும் மாவுச்சத்து, மதியம் கொஞ்சம், இரவில் எல்லாப் புரதமும் என்று சாப்பிடுகிறோம். காலைத் தட்டில் ஒரு முட்டையோ ஒரு கிண்ணம் பயறோ சேர்த்தால் பதினொரு மணிப் பசியும் அடங்கும்.

கொழுப்பு அளவு கூடியிருக்கிறது. முட்டையின் மஞ்சள் கருவை எடுத்துவிட்டுத்தான் சாப்பிட வேண்டுமா?

பெரும்பாலானவர்களுக்குத் தேவையில்லை. ரத்தக் கொழுப்பை ஏற்றுவதில் உணவிலுள்ள கொலஸ்டிராலைவிட வெண்ணெய், கொழுப்பு மிகுந்த இறைச்சி ஆகியவற்றின் நிறைகொழுப்புக்குத்தான் பெரிய பங்கு. முட்டையை எதில் பொரிக்கிறீர்கள் என்று முதலில் பாருங்கள். கூடவே ஓட்ஸும் பயறு வகைகளும் சேருங்கள். ஓட்ஸின் பீட்டா குளுக்கான் என்ற நார்ப்பொருள் ஒரு நாளுக்கு 3 கிராம் உள்ளே போனால் கெட்ட கொழுப்பு ஓரளவு இறங்கும். சர்க்கரை நோய் இருப்பவர்களும் பரம்பரையாகக் கொழுப்பு கூடியவர்களும் மட்டும் முட்டைக் கணக்கை மருத்துவரிடம் பேசிக்கொள்ளுங்கள்.

பயறு நல்லது என்று ராஜ்மாவை மெதுவடுப்புப் பாத்திரத்தில் (ஸ்லோ குக்கர்) சமைத்தேன். சாப்பிட்ட எல்லோருக்கும் வாந்தி. பயறு கெட்டுப்போயிருந்ததா?

பயறு கெட்டிருக்க வேண்டியதில்லை, சமைத்த விதமே போதும். சிவப்பு ராஜ்மாவில் லெக்டின் வகை நச்சு ஒன்று இருக்கிறது. நன்றாகக் கொதித்தால்தான் அது அழியும். மெதுவடுப்பு கொதிநிலையை எட்டாமலே பயறை மிருதுவாக்கிவிடும். அரைகுறைச் சூட்டில் அந்த நச்சு பச்சைப் பயறில் இருப்பதைவிடக் கூடவும் செய்யலாம். இரவு முழுக்க ஊறவைத்து, அந்த நீரைக் கொட்டி, புது நீரில் தளதளவென்று குறைந்தது 10 நிமிடம் கொதிக்கவிடுங்கள். 30 நிமிடம் என்றால் இன்னும் நிம்மதி. அதன் பிறகு மெதுவடுப்புக்கு மாற்றலாம்.

தக்காளியையும் எலுமிச்சையையும் பயறு வெந்த பிறகே சேருங்கள். புளிப்பு முதலிலேயே போனால் எத்தனை மணி நேரமானாலும் நறுக்கென்றே நிற்கும். வாயுத் தொல்லைக்கு அஞ்சுகிறவர்கள் நாளுக்கு இரண்டு கரண்டியில் தொடங்குங்கள். குடல் பழகிக்கொள்ளும்.

ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறேன். கீரையே கூடாதா?

கூடாது என்பதில்லை. கீரையின் வைட்டமின் கே அந்த மருந்தை எதிர்த்து வேலை செய்கிறது. அதனால் வாரத்துக்கு வாரம் ஏறக்குறைய ஒரே அளவு சாப்பிடுங்கள். ஒரு வாரம் கட்டுக்கட்டாக, மறு வாரம் பூச்சியம் என்பதுதான் ஆபத்து.

கொஞ்ச நாளாக எதைச் சாப்பிட்டாலும் இரும்பை நக்கியது போல் இருக்கிறது. வயதாவதாலா?

முதலில் மாத்திரைப் பெட்டியைப் பாருங்கள். சர்க்கரை நோய்க்கான மெட்ஃபார்மின் வாயில் உலோகச் சுவை தரக்கூடியது. அதை நீண்ட காலம் எடுப்பவர்களுக்கு வைட்டமின் பி12 குறையவும் கூடும், ஒரு பரிசோதனை செய்துகொள்வது நல்லது. மருந்தை நீங்களாக நிறுத்தாதீர்கள். வயதோடு மங்குவது பெரும்பாலும் மோப்பம், அதுவும் மெல்ல மெல்ல. ருசி என்று நாம் நினைப்பதில் பெரும்பங்கு மூக்கின் வேலை. திடீரென்று மணமே தெரியாமல் போனால் காத்திருக்காமல் மருத்துவரிடம் போங்கள். அதுவரை இஞ்சி, எலுமிச்சைத் தோல் துருவல், புதினா எனப் புதுமணம் உள்ளவற்றைக் கூட்டுங்கள். மொறுமொறுப்பும் கைகொடுக்கும்.

பிள்ளைகள் வெளியே போய்விட்டார்கள். எனக்காக மட்டும் தினமும் சமைக்க மனம் வரவில்லை. வாரத்துக்கு ஒரு முறை சமைத்து வைக்கலாமா?

மனம் வராதது புரிகிறது. ஆனால் வாரம் முழுவதையும் ஞாயிறன்றே முடிக்க நினைத்தால், வியாழக்கிழமை அந்தப் பெட்டிகளைப் பார்க்கவே பிடிக்காது. முழுச் சாப்பாடாகச் சமைக்காமல் பாதிச் சாப்பாடாகச் சமையுங்கள். வெந்த பயறு, சுருள வதக்கிய வெங்காயமும் தக்காளியும், அவித்த முட்டை இவை தயாராக இருந்தால், அன்றன்றைக்கு ஒரு காயை வதக்கிப் பத்து நிமிடத்தில் வேறு வேறு சாப்பாடு ஆக்கலாம். கீரையும் மீனும் அன்றைக்கே.

சமைத்ததை இரண்டு மணி நேரத்துக்குள் ஆழமில்லாத பாத்திரத்தில் ஆறவைத்துக் குளிர்பதனப் பெட்டியில் வையுங்கள். மூன்று, நான்கு நாள் தாங்கும். அதற்கு மேல் வேண்டுமென்றால் உறையவைத்துவிடுங்கள். சோற்றுக்கு மட்டும் தனிச் சட்டம். வேகவைத்தும் சாகாத பேசில்லஸ் செரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் அதில் இருக்கும். சோறு வெளியில் கிடந்தால் அவை முளைத்து உண்டாக்கும் நச்சு, மறுபடி சூடாக்கினாலும் போகாது. அதனால் சோற்றை ஒரு மணி நேரத்துக்குள் உள்ளே வைத்து மறுநாளே தீர்த்துவிடுங்கள். ஒரு முறைதான் சூடாக்கலாம், ஆவி பறக்க.

இரவுச் சாப்பாடு பத்து மணிக்குத்தான் முடிகிறது. படுத்தவுடன் நெஞ்செரிச்சல். எதைச் சாப்பிட்டால் நிற்கும்?

எதை என்பதைவிட எப்போது என்று கேளுங்கள். சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் நடுவே இரண்டு, மூன்று மணி நேரம் வேண்டும். வேலை அதற்கு இடம் தராவிட்டால், ஏழு மணிக்கு இருக்கும் இடத்திலேயே கனமான பங்கைச் சாப்பிட்டுவிட்டு, வீட்டுக்கு வந்து ஒரு கிண்ணம் சூப்போடு நிறுத்திக்கொள்ளுங்கள். அப்படியும் வாரத்தில் இரண்டு நாளுக்கு மேல் எரிந்தாலோ, விழுங்கும்போது அடைத்தாலோ, அது என் மேசைக்கு வர வேண்டிய கேள்வி அல்ல, மருத்துவர் மேசைக்குப் போக வேண்டியது.